நீராகாமலே உறையும் ஆவி

நீராவி குளிர்ந்தால் நீர், நீர் குளிர்ந்தால் பனிக்கட்டி. பள்ளியில் படித்த இந்த வரிசை எல்லா நேரமும் பொருந்தாது. தெளிந்த குளிர் இரவில் புல்நுனியில் முளைக்கும் உறைபனி, பெரும்பாலும் இடையில் நீராகாமல் ஆவியிலிருந்து நேரே திண்மமானது. திண்மம் நேரே ஆவியாகும் பதங்கமாதலின் தலைகீழான இந்த மாற்றத்தைப் படிதல் என்கிறார்கள்.

பனித்துளி விழுந்து பிறகு உறைந்திருந்தால் உருண்டையாகவே இருக்கும். நேரடியாகப் படிந்ததோ ஊசி ஊசியாக, இறகு இறகாக இருக்கும். மூலக்கூறுகள் காற்றிலிருந்து ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கே அவை அதிகம் கிடைக்கின்றன. நீண்டது மேலும் நீள்கிறது.

காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே இருந்தால், குளிரும்போது அது முதலில் தொடுவது நீராக மாறும் எல்லையை அல்ல, பனிக்கட்டியாக மாறும் எல்லையைத்தான். தொட்டுவிட்டால் மட்டும் போதாது. முதல் சில மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள ஒரு தூசோ, கீறலோ, ஏற்கெனவே உருவான படிகமோ வேண்டும். அது வாய்க்காத மேகத்துளிகள் மைனஸ் 15 டிகிரி செல்சியஸிலும் நீராகவே மிதக்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு பனிப்படிகம் நுழைந்தால் கதை மாறும். துளிகளுக்குச் சரியாகப் போதுமான ஈரப்பதம், அந்த வெப்பநிலையில் படிகத்துக்குச் சுமார் 16 சதவீதம் அதிகம். படிகம் ஆவியை இழுத்துக்கொண்டு பருக்க, சுற்றியுள்ள துளிகள் ஆவியாகிக் கரைந்துபோகும். மேகத்தில் பனித்தூவி வளர்வதற்கு இது முக்கியமான வழி.

வெப்பக் கணக்கும் உண்டு. ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெளியேறும். ஒரு கிலோ ஆவி நேரே பனியானால் சுமார் 2,830. இதை உடனுக்குடன் வாங்கிக்கொள்ளக் குளிர்ந்த பரப்போ காற்றோ இல்லாவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

இதே வித்தையை உலோகத்திலும் செய்யலாம். 1935இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல தொலைநோக்கி ஆடிக்கு, விரைவில் கறுத்துப்போகும் வெள்ளிக்குப் பதிலாக அலுமினியத்தைப் பூசினார்கள். சூடான கம்பியில் அலுமினியத்தை ஆவியாக்கினால் அணுக்கள் பறந்துபோய் ஆடியில் படியும். வெற்றிடம் கட்டாயம்: சாதாரணக் காற்றில் ஓர் அணு ஒரு மில்லிமீட்டர்கூடப் போகும் முன் பலமுறை மோதிவிடும், ஆக்சிஜனோடும் சேர்ந்துவிடும். படியும் அடுக்கின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அது மங்கியதும் வேதிக்கரைசலால் கழுவியெடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். அடியிலுள்ள கண்ணாடியை மீண்டும் தேய்க்க வேண்டியதில்லை.