ஆட்டோகிராஃப்: இவை யார் எழுத்து?

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் நோட்டு ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு, கோடு போடாத தாள், ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. 1974 நவம்பரில் வெஸ்ட் இண்டீஸ் அணி பெங்களூருக்கு வந்து சின்னசாமி மைதானத்தின் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியபோது, வாசலில் கால்கடுக்க நின்று வீரர்களிடம் வாங்கிய ஆட்டோகிராஃப்கள் அதில் ஒன்பது இருக்கின்றன. மூன்றைத்தான் படிக்க முடிகிறது. மற்ற ஆறும் ஒரு சுழி, ஒரு கோடு, இழுத்துவிட்ட ஒரு வால். விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலாக இறங்கியது அந்தப் போட்டியில்தான். வாசலில் நின்ற பையன்களுக்கு அவர்களுடைய முகம்கூடத் தெரிந்திருக்காது. ஆறில் ஒன்று அவர்களில் ஒருவருடையதா என்று கேட்டால் அப்பா இன்னும் யோசிக்கத்தான் செய்கிறார்.

பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பெண் இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆட்டோகிராஃபுக்குத் தமிழ்ல என்ன சொல்லணும்?" என்றாள். கையெழுத்து என்றேன். "அது ஹேண்ட்ரைட்டிங் ஆச்சே?" என்றாள். நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையும், சொல்லும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோகிராஃப் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆட்டோ' என்றால் தான், தன்னால். நம் தெருவில் ஓடும் ஆட்டோவிலும் இருப்பது அதே ஆட்டோதான். தானே நகர்வது என்ற பொருளில் வந்தது. 'கிராஃப்' என்பதற்கு வேர்ச்சொல் கீறுதல், எழுதுதல். இரண்டும் சேர்ந்தால் தன் கையால் எழுதியது என்று ஆகிறது. முதலில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெயர் போடுவதைக் குறிக்கவில்லை. ஒரு நூலை ஆசிரியரே தன் கைப்பட எழுதிய மூலப்படியைத்தான் குறித்தது. பெயரை மட்டும் எழுதி வாங்கும் பொருள் அதற்குப் பிறகு ஏறியது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில், குறிப்பாக விட்டன்பர்க் பல்கலைக்கழக மாணவர்களிடையே, சிறு ஏடு ஒன்றைக் கொண்டுபோய் ஆசிரியர்களிடமும் நண்பர்களிடமும் இரண்டு வரியும் பெயரும் எழுதி வாங்கும் பழக்கம் பரவியது. பள்ளி கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டுக்கு அதுதான் பாட்டன்.

இனித் தமிழுக்கு வருவோம். நம்மிடம் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது, எதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம்.

கையொப்பம் என்று எழுதுகிறவர்கள் பலர். செய்தித்தாள்களிலும் 'ரசிகர்களுக்குக் கையொப்பமிட்டார்' என்று வருகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. ஒப்பம் என்பது ஒப்புதலோடு பிறந்த சொல். பத்திரத்தில் இருப்பதை ஒப்புக்கொண்டேன் என்பதற்கு அடையாளமாகப் போடுவது கையொப்பம். மைதான வாசலில் பேருந்து ஏறப்போகும் பந்துவீச்சாளர் ஒரு சிறுவனின் தொப்பியில் பெயர் போடும்போது எதையும் ஒப்புக்கொள்வதில்லை. தன் கையை அங்கே விட்டுப் போகிறார், அவ்வளவுதான். வங்கிக் காசோலைக்கு ஒன்று, ரசிகர்களுக்கு வேறொன்று என்று விளையாட்டு வீரர்கள் பலர் இரண்டு விதமாகப் போடுவதும் உண்டு. முதலாவது கையொப்பம். இரண்டாவதுதான் ஆட்டோகிராஃப்.

ஈழத்தில் கைச்சாத்து என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒப்பந்தங்கள் அங்கே கைச்சாத்திடப்படுகின்றன. அழகான சொல்தான், ஆனால் அதுவும் பத்திரத்தின் பக்கமே நிற்கிறது.

எனக்கு மனவருத்தம் தரும் சொல் ஒன்று உண்டு: தற்குறி. பிரித்துப் பாருங்கள், தன் + குறி. கிரேக்கச் சொல்லை உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தது போலவே இருக்கிறது. எழுதத் தெரியாதவர் பெயருக்குப் பதிலாக இட்ட கீறல்தான் தற்குறி. பிறகு அந்தக் கீறலை இட்ட ஆளுக்கே பெயராகி, இன்று வசவாக நிற்கிறது. கைநாட்டுக்கும் இதே கதி. படிக்க வாய்ப்பில்லாத மனிதர் தன் கையால் இட்ட அடையாளத்தை நாம் இழிசொல்லாக்கி வைத்திருக்கிறோம். தற்குறியை மீட்டு ஆட்டோகிராஃபுக்கு வைக்கலாமா என்று நான் பலநாள் யோசித்ததுண்டு. முடியாது. யாரிடமும் போய் "ஐயா, ஒரு தற்குறி போடுங்கள்" என்று கேட்க வாய் வராது.

கன்னடத்தில் வாசலில் நிற்கும் பிள்ளைகள் "சார், ஒந்து சஹி ஹாக்கி சார்" என்று கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். சஹி, சரியானது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மராத்தியிலும் கையெழுத்துக்கு அதுதான் பெயர். கன்னடத்தில் கைபரஹ என்றும் ஒரு சொல் இருக்கிறது. கை, பரஹ: கை, எழுத்து. ஆனால் அவர்களுக்குக் கைபரஹ என்றால் எழுதும் பாங்கு, சஹி என்றால் பெயர் போடுவது, இரண்டும் தனித்தனி. தமிழில் இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குறையாகத் தெரிந்தது இதுதான். எனக்கு இதுவே பெரிய நிறை. ஆட்டோகிராஃப் என்ற சொல் முதலில் முழுப்படியையும் பிறகு பெயரையும் குறித்தது என்று பார்த்தோமே, அந்த இரண்டு பொருளையும் கையெழுத்து இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. கையெழுத்துப் பிரதி என்கிறோம், கையெழுத்துப் போடு என்கிறோம்.

எழுத்து என்ற பாதியையும் சற்றுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பழந்தமிழில் எழுதுதல் அகரம் இகரம் எழுதுவது மட்டுமல்ல. கண்ணுக்கு மை எழுதினார்கள், தோளில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள். மை எழுதும்போது கோலைக் காணாத கண்ணைக் குறள் பேசுகிறது. தீட்டுவதும் எழுதுவதுதான். அப்பாவின் நோட்டில் இருக்கும் அந்த ஆறு சுழிகளை எழுத்து என்று சொல்லலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் சொல்லலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆவணம் முடியும் இடத்தில் பொறுப்பாளர்கள் பெயரோடு 'இவை என் எழுத்து' என்று வரும். 'இது' இல்லை, 'இவை'. பெரியபுராணத்தில் சிவபெருமான் முதியவராக வந்து, நீ என் அடிமை என்று சொல்லிச் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளும் கதையிலும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அடிமை ஓலை 'இதற்கு இவை என் எழுத்து' என்றே முடிகிறது. அந்தக் கதையைக் கையெழுத்துச் சேகரிக்கிறவன் கண்ணால் படித்தால் உடம்பு சிலிர்க்கும். மணப்பந்தலில் வந்து வழக்காடும் முதியவரிடமிருந்து சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலம் வெளியே வருகிறது. சாட்சிகளாக மேலெழுத்து இட்டவர்களின் எழுத்தைப் பார்க்கிறார்கள். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பு நோக்கி, ஒத்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இன்று கையெழுத்திட்ட மட்டையும் பந்தும் வாங்கி விற்கும் உலகம் செய்வது அச்சு அசல் இதைத்தான். ஐயமில்லாத ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு ஒப்பு நோக்குவது, பிறகு சான்றிதழ் கொடுப்பது. அந்தச் சான்றிதழுக்கு மேலெழுத்து என்ற சொல்லையே நான் புழங்குகிறேன். அது தேவைப்படும் தொழில்தான். 1990-களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., விளையாட்டு வீரர்களின் பெயரில் போலிக் கையெழுத்துகளை ஆயிரக்கணக்கில் செய்து விற்ற கும்பல்களைப் பிடித்தது. கைப்பற்றிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன.

படியோலைக்கும் மூலவோலைக்கும் வித்தியாசம் காண ஒரு எளிய வழி. கடையில் விற்கும் சில மட்டைகளில் அணி முழுவதும் கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துக் கோடு கோட்டின் மேல் ஏறும் இடத்தைப் பாருங்கள். பேனாவால் போட்டிருந்தால் இரண்டு கோடும் சந்திக்கும் புள்ளியில் மை கூடுதலாக இறங்கிக் கறுத்திருக்கும், கோட்டின் தொடக்கத்தில் அழுத்தமும் முடிவில் இழுப்பும் தெரியும். அச்சில் ஒரே சீராக, சில நேரம் நுண்புள்ளிகளாகத் தெரியும். அது படி.

பொருளுக்கேற்ற பேனா தேவை என்பது தெரியாமல் நானும் இழந்திருக்கிறேன். சிவப்புத் தோல் பந்தில் நீலப் பால்பாயிண்ட் ஏறாது. வெள்ளி அல்லது தங்க நிற மார்க்கர் வேண்டும், மூடியைத் திறந்து தாளில் ஒருமுறை கிறுக்கி மை இறங்கியபின் நீட்ட வேண்டும், காயும்வரை விரல் படக்கூடாது. பனியனுக்கும் மட்டைக்கும் நிரந்தர மார்க்கர். ஒரு கால்பந்து வீரர் பொறுமையாக, முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்த பனியனை நான் சட்டம் போட்டு மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். மூன்று கோடை. கறுப்பு ஊதாவாகி, ஊதா மங்கி, இப்போது தெரிந்தவன் சொன்னால்தான் அங்கே ஒரு பெயர் இருக்கிறது. வெயிலைவிட இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரி இல்லை.

தபாலில் வாங்குவது இன்னொரு வழி. கடிதம், கையெழுத்துக்கான அட்டை, நம் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய மறு உறை ஆகிய மூன்றையும் வைத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் ஆட்டத்தை விட்டபின்னும் பல பத்தாண்டுகள், முதுமையிலும், வந்த கடிதங்களுக்கு உட்கார்ந்து பதில் போட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அவ்வளவு பெரிய பெயரானாலும் அவர் கையெழுத்து உலகமெங்கும் ஏராளமாகக் கிடைக்கிறது. அதற்கு மறுபக்கமும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக் கால்பந்தில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், நம் பெங்களூர்க்காரர். அவர் கையெழுத்தை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அல்சூரிலும் கௌதமபுரத்திலும் கால்பந்தே மூச்சாக இருந்த வீடுகளில் கேட்டிருக்கிறேன். யாரும் வாங்கி வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய் யார் நோட்டை நீட்டுவார்கள்?

எனவே என் பரிந்துரை இது: பேச்சில் ஆட்டோகிராஃப் தாராளமாக இருக்கட்டும், அது தமிழாகிவிட்ட சொல். எழுத்தில் கையெழுத்து. பொழுதுபோக்குக்குக் கையெழுத்துச் சேகரிப்பு, நோட்டுக்குக் கையெழுத்து ஏடு. கையொப்பத்தைப் பத்திரத்துக்கு விட்டுவிடலாம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொன்னேன். வாங்கிய அன்றே, பக்கத்தின் பின்புறம், மெல்லிய பென்சிலால் யாருடையது, எந்த நாள், எந்த வாசல் என்று எழுதிவிட வேண்டும். அவள் போனபின் அப்பாவை உட்காரவைத்து அவருடைய நோட்டுக்கும் அதைச் செய்தோம். மூன்று பக்கத்தில் பெயர் எழுதினோம். மற்ற ஆறின் பின்னாலும் அப்பா தன் நடுங்கும் கையால், '1974 நவம்பர், சின்னசாமி, நான் நேரில் வாங்கியது' என்று எழுதி, அதன் கீழே தன் பெயரையும் போட்டார்.