மீயொலி மெலிகிறதா, உறிஞ்சப்படுகிறதா?

'மீயொலி (ஸ்கேனுக்குப் பயன்படும் அல்ட்ராசவுண்ட்) திசுக்களில் உறிஞ்சப்படுகிறது' என்ற வரியை இன்னும் எத்தனை தடவை படிக்க வேண்டுமோ! போன வாரம் கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் மட்டும் நான்கு இடத்தில். மூலத்தில் இருப்பது 'அட்டென்யுவேஷன்'. லத்தீனில் 'தெனுயிஸ்' என்றால் மெல்லியது. அதில் பிறந்த சொல் இது. மெலிவு, அவ்வளவுதான்.

உடம்புக்குள் போகப் போக ஒலி வலு இழக்கிறது. மென்திசுவில் அதற்குப் பெரிய காரணம் உறிஞ்சல்தான், ஒலியாற்றல் வெப்பமாக மாறுகிறது. மறுக்கவில்லை. ஆனால் ஒரு பங்கு நாலாபக்கமும் சிதறுகிறது, ஒரு பங்கு உறுப்புகளின் எல்லையில் பட்டு எதிரொலிக்கிறது. மொத்தத்துக்கும் உறிஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டால், நிஜமான உறிஞ்சலுக்கு என்ன பெயர் வைப்பது? அதைவிட, ஸ்கேன் படமே திரும்பி வரும் ஒலியால் உண்டாவது. எல்லாவற்றையும் திசு உறிஞ்சிக்கொண்டால் திரையில் வெறும் இருட்டுதான்.

பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் கறுப்பாக நிழல் விழும். கல் உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, நிறைய ஒலியைத் திருப்பியும் அடிக்கிறது. நீரில் மெலிவு மிகமிகக் குறைவு. 'தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வாருங்கள்' என்று ஸ்கேன் மையத்தில் சொல்வது அதனால்தான். நிறைந்த சிறுநீர்ப்பை ஜன்னல் மாதிரி.

மென்திசுவில் அதிர்வெண்ணின் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.5 டெசிபல் குறையும் (10 டெசிபல் குறைந்தால் ஒலியின் வலு பத்தில் ஒரு பங்காகும்). 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 10 செ.மீ. ஆழம் போய்த் திரும்புவதற்குள் 35 டெசிபல் போய்விடும். மிஞ்சுவது சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. அதிர்வெண் கூடினால் மெலிவும் கூடும். அதனால்தான் தோலுக்கு அருகில் உள்ள தைராய்டுக்கு அதிக அதிர்வெண், ஆழத்தில் உள்ள கல்லீரலுக்குக் குறைந்தது.

'ஒடுக்கம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்டால் தடியடி நடந்த மாதிரி இருக்கிறது. மெலிவுக்கு ஒரே ஒரு ஆட்சேபம் நியாயமானது: தமிழிசையில் அது கீழ் ஸ்தாயியைக் குறிக்கும், இங்கே குறைவது சுருதி அல்ல. சரி, 'ஒலி மெலிவு' என்று சேர்த்து எழுதுங்கள், குழப்பம் வராது.

வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தில் இருக்கும் வைரஸுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்லில் பிறந்த 'அட்டென்யுவேட்டட்' என்ற அடைமொழிதான். அங்கே மட்டும் ஒழுங்காக 'வீரியம் குறைக்கப்பட்ட' என்று எழுதுகிறார்கள். 'உறிஞ்சப்பட்ட வைரஸ்' என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.