கூப்பிட்டால் வராத குட்டி

"டொக்டர், எல்லாம் செய்யுது. கூப்பிட்டா மட்டும் கிட்ட வாறதில்லை."

தடுப்பூசிக்கு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் இதைச் சொல்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வந்தா என்ன செய்வீங்கள்?"

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட் ஒன்றிலிருந்து வந்த ஒரு அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "காலமை வேலைக்குப் போகேக்க கூப்பிட்டுக் கூட்டுக்குள்ள விடுவன். பின்னேரம் கூப்பிட்டுக் குளிக்க வார்ப்பன். செருப்பைக் கடிச்சா கூப்பிட்டு ஏசுவன்." சொல்லி முடிக்கும்போதே அவருடைய முகம் மாறிவிட்டது. "வா" என்ற சொல்லுக்குப் பின்னால் கூடு வரும், தண்ணீர் வரும், ஏச்சு வரும் என்பதை அந்த நான்கு மாதக் குட்டி ஒரு பிழையுமில்லாமல் படித்திருந்தது. பிறகு எப்படி வரும்?

கொழும்பில் மிருக வைத்தியம் பார்க்கும் எனக்கு இது வெறும் பழக்கவழக்க விஷயமாகத் தெரிவதில்லை. கேற் திறந்த ஒரு நிமிடத்தில் வெளியே பாய்ந்து, முச்சக்கர வண்டியில் அடிபட்டு, தொடையெலும்பு முறிந்த குட்டிகளை மேசையில் கிடத்தியிருக்கிறேன். கொண்டு வருகிறவர்கள் அழுதபடி சொல்வது ஒரே வசனம்: "கூப்பிட்டனான் டொக்டர், திரும்பியும் பார்க்கேல்லை."

ஆகவே கையெடுத்துக் கேட்கிறேன். குட்டியைக் கூப்பிட்டு ஏசாதீர்கள், கூப்பிட்டு அடிக்காதீர்கள். காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, நிலத்தோடு நிலமாக அது ஊர்ந்து வரும்போது "செய்த பிழை அதுக்கே தெரியுது" என்கிறோம். அந்தக் குட்டி நம் குரலையும் முகத்தையும் பார்த்துப் பயந்து, கோபத்தைத் தணிக்கக் கெஞ்சுகிறது, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கு முன் கடித்த செருப்பையும் இப்போது விழும் அடியையும் அதனால் முடிச்சுப்போட முடியாது. கடைசியாக அது செய்தது உங்களிடம் வந்தது. அடி விழுந்ததும் அதற்கே. குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ மருந்து பருக்கவோ வேண்டுமென்றால் கூப்பிடாமல் நீங்களே எழுந்து போய்த் தூக்குங்கள்.

அடுத்தது சொல். நம் வீடுகளில் ஒரு குட்டி எத்தனை மொழி கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அம்மம்மா "இஞ்ச வா" என்பார். பிள்ளைகள் "கம், கம்" என்பார்கள். வேலைக்கு வரும் சிங்கள அக்கா "என்ன" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அது "வாங்க". நாமோ நாள் முழுக்க "என்ன? என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். "வா" என்பதும் அப்படித்தான். "சாப்பிட வா", "கடைக்கு வா" என்று காற்றில் மிதந்துகொண்டே இருக்கிறது. தனக்குச் சம்பந்தமில்லாத சத்தம் என்று குட்டி அதை ஒதுக்கிவிடும். வீட்டில் எல்லோரும் கூடி, வேறெதற்கும் பயன்படாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "ஓடிவா" நல்ல சொல். விசிலும் நல்லது, யார் ஊதினாலும் கோபம் கலக்காமல் ஒரே மாதிரி ஒலிக்கும். குட்டியின் பெயரை மட்டும் அழைப்பாக வைக்காதீர்கள். பெயரைக் கொஞ்சவும் சொல்கிறோம், ஏசவும் சொல்கிறோம்.

இரண்டு மாதக் குட்டியை வாங்கி வந்தவர்கள் "ஊசி முடியட்டும், பிறகு பழக்குவோம்" என்று காத்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. முதல் ஊசித் தொடர் முடியும்போது குட்டிக்கு ஏறத்தாழ 16 வார வயதாகிவிடும். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் நோய்க்குப் பயந்து அதுவரை தெருவில் இறக்க வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். ஆனால் குட்டி யார் காலைக் கண்டாலும் பின்னால் ஓடுவதும் அந்த வாரங்களில்தான். ஐந்தாறு மாதம் ஆனதும் மூக்கும் துணிவும் வளர்ந்து, பக்கத்து வீட்டுக் கோழியும் கால்வாய்க்கரைக் கபரகொய்யாவும் உங்களைவிடச் சுவாரசியமாகிவிடும். வீட்டுக்குள் அடைந்திருக்கும் அந்த எட்டு வாரங்களை வீணாக்காதீர்கள்.

பழக்குவதற்கு வீட்டுக்குள் நீளமான ஒரு இடமும் இரண்டு பேரும் போதும். அவித்த கோழி இறைச்சியைக் கடலைப் பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் தூளும் வெங்காயமும் சேராத இறைச்சியாக இருக்க வேண்டும். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து, அவித்து, உப்பை நன்றாகப் போக்கிக் கொடுங்கள். சொக்லேட்டும், நாம் பிளம்ஸ் என்று சொல்லும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு நஞ்சு. பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். ஒருவர் குந்தியிருந்து, மகிழ்ச்சியான குரலில், ஒரே ஒரு தடவை "ஓடிவா" என்று சொல்லட்டும். குட்டி வந்து சேர்ந்த அந்த நொடியிலேயே, காலடியில், இறைச்சி. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தால் பாடம் போய்விடும். பிறகு மற்றவர் கூப்பிடட்டும். ஐந்து நிமிடத்துக்குள், அது இன்னும் ஆசையாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் கழுத்துப் பட்டியை மெதுவாக ஒரு கையால் பிடியுங்கள், பிறகு கொடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிட்ட வந்து, இறைச்சியைக் கவ்விக்கொண்டு, கை நீட்டியதும் துள்ளிப் பாயும் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். கை பட்டதும்தான் இறைச்சி வரும் என்று பழகிய குட்டி கையைக் கண்டு விலகாது. கொடுத்த பிறகு அதை விட்டுவிடுங்கள், மீண்டும் விளையாடப் போகட்டும். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவையாவது இப்படி விட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அது நினைக்கவே கூடாது.

வராவிட்டால்? திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள். ஆறாவது தடவைதான் உண்மையான அழைப்பு என்று அது பழகிவிடும். துரத்தவும் வேண்டாம், குட்டிக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. எதிர்ப்பக்கமாக நான்கடி ஓடுங்கள், அல்லது குந்தி நிலத்தைத் தட்டுங்கள். பின்னால் வரும்.

ஊசிகள் முடிந்து வெளியே இறங்கும்போது ஐந்து அல்லது பத்து மீற்றர் நீளக் கயிறு ஒன்று வேண்டும். அதைக் கழுத்தில் கட்டாமல், நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸில் கொளுவுங்கள். ஓடிய வேகத்தில் கயிறு இழுபட்டால் கழுத்து தாங்காது. கொழும்பின் கடலோர வீதியான மெரைன் டிரைவ் பக்கம் நடப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. எவ்வளவு நன்றாகப் பழகிய நாயானாலும் அங்கே கயிற்றை அவிழ்க்காதீர்கள். தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் வெடி வெடிக்கும்போது எந்தச் சொல்லும் நாயின் காதில் ஏறாது. அந்த நாட்களில் கதவைப் பூட்டி, உள்ளறையில் கூடவே இருங்கள்.

இன்னொன்று, இதைத் தெரியாததால் நடக்கும் விபத்து உண்டு. தப்பி ஓடிய குட்டி வீதியின் மறுகரையில் நின்றால், தயவுசெய்து கூப்பிடாதீர்கள். நன்றாகப் பழகிய குட்டி என்றால் இன்னும் ஆபத்து, வாகனத்தைப் பார்க்காமல் நேரே உங்களிடம் பாயும். அந்தப் பக்கம் நிற்கும் யாரையாவது பிடித்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே கவனமாகக் கடந்து போய், பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிடுங்கள். பிடித்த பிறகு, நெஞ்சு எவ்வளவு படபடத்தாலும், ஏசாதீர்கள்.

அந்த வெள்ளவத்தை அம்மாவிடம் "வா" என்பதை அடியோடு மறந்துவிடச் சொன்னேன். கெட்டுப்போன சொல்லைத் திருத்துவதைவிடப் புதுச்சொல் பழக்குவது சுலபம். அடுத்த ஊசிக்கு வந்தபோது குட்டி காத்திருக்கும் அறையின் கடைசிக் கதிரைக்குக் கீழே ஒளிந்திருந்தது. ஊசி வாசம் அதற்குத் தெரியும். கூப்பிடுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கையால் மறித்துவிட்டு, தானே போய்க் குந்தி, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.