வானமும் குளக்கட்டும் ஒரே படத்தில்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, இரணைமடுக் குளக்கட்டில் நின்று பொழுதுபடும் நேரம் படம் எடுக்கிறேன். வானத்தின் நிறம் சரியாக வந்தால் கட்டும் மரங்களும் கரியாகின்றன. மரம் தெரிந்தால் வானம் வெள்ளைக் கடதாசி. கமராவில் பிழையா?"

பிழையில்லை. அந்த நேரத்து வானத்துக்கும் மரநிழலுக்கும் உள்ள ஒளி வித்தியாசம் ஒரு படத்துக்குள் அடங்காது. அதனால் ஒரே காட்சியை அளவாக, குறைவாக, கூடுதலாக என்று மூன்று ஒளியளவில் எடுத்துப் பிறகு கணினியில் சேர்க்கிறோம். இப்படி மூன்றாக எடுப்பதுதான் பிராக்கெட்டிங். 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லு கிரே என்ற படப்பிடிப்பாளர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒட்டியிருக்கிறார்.

கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் கோடிக்கணக்கில் சின்னக் குழிகள். ஒளித்துகள் விழுந்தால் சிலிக்கனில் இலத்திரன் விடுபட்டுக் குழியில் சேரும். குழி நிறைந்தால் அவ்வளவுதான். குளம் முட்டி வான் பாயத் தொடங்கிய பிறகு, உள்ளே நிற்கும் தண்ணீரை மட்டும் பார்த்து கனகராயன் ஆறு எவ்வளவு கொண்டு வந்தது என்று சொல்ல முடியுமா? வெளுத்துப்போன வானமும் அப்படித்தான். அதைக் குறைவான ஒளியில் எடுத்த படம்தான் காப்பாற்றும்.

சரி, இருண்ட மரங்களைக் கணினியில் வெளிச்சமாக்கினால் போதாதா? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். தூறல் விழும்போது முற்றத்தில் இரண்டு சிரட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே மழை, ஒரே நேரம். ஆனாலும் ஒன்றில் ஒன்பது விழும், மற்றதில் பதின்மூன்று விழும். ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான், ஒழுங்கில்லாமல் வருகிறது. சராசரியாக 100 துகள் விழும் குழியில் ஏற்ற இறக்கம் 100இன் வர்க்கமூலம், அதாவது 10. இது பத்து சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான். நிழலில் தெரியும் புள்ளிப் புள்ளியான அழுக்கில் பெரும்பங்கு இதுவே. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் அழுக்கும் சேர்ந்து கூடும். சிரட்டையை நாலு மடங்கு நேரம் மழையில் வைத்தால் 400 துளிக்கு 20, ஐந்து சதவீதம். அழுக்கு பாதியாகிவிட்டது! கூடுதலான ஒளியில் எடுத்த படம் மரங்களுக்குச் செய்வதும் இதுதான். எவ்வளவு விலையான சென்சரும் இந்தக் கணக்கைத் தாண்ட முடியாது, ஏனென்றால் இது ஒளியின் குணம். இரண்டு சிரட்டையும் ஒரு மாரி மழையும் இருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைக் காட்டலாம். ஆய்வுகூடத் திறப்பு விழாவுக்குப் போகும் காசில் கொஞ்சமாவது பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கும் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

செய்முறை சுருக்கம்தான். லென்சின் துவாரத்தை நாங்களே தீர்மானிக்கும் 'ஏ' அல்லது 'ஏவி' முறையில் துவார அளவை எஃப் 8இல் வையுங்கள். ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடாமல் 100இல் நிறுத்துங்கள். பிராக்கெட்டிங் போடும் இடம்: கனனில் மெனுவில் 'ஏஇபி', பல நிக்கோன்களில் 'பிகேடி' பொத்தான், சோனியில் டிரைவ் முறை. மூன்று படம், இரண்டு ஸ்டொப் இடைவெளி. ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது. நடுப்படம் 1/125 செக்கன் என்றால் மற்றவை 1/500, 1/30 ஆக வரும். முக்காலியில் பூட்டி, உங்கள் கமராவுக்கு ஏற்றபடி தொடர்ச்சியாக எடுக்கும் முறையோ இரண்டு செக்கன் டைமரோ போடுங்கள். சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரோ' கோப்பாகச் சேமியுங்கள். முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்கு மாற்றுங்கள். சில கமராக்களில் அணைத்தாலும் இது மாறாது. வற்றாப்பளைப் பொங்கலன்று எனக்கு மூன்றில் இரண்டு படம் அப்படித்தான் வீணானது.

அப்புறம், தம்பி அனுப்பிய படத்தில் ஒரு வள்ளம் இருக்கிறது. மூன்று படத்துக்கும் இடையில் அது நகர்ந்துவிடும். சேர்த்த பிறகு மங்கலாக மூன்று வள்ளம் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் நடுப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள், வள்ளம் ஒன்றாகிவிடும்.