லிங்கோத்பவருக்குக் கால் எங்கே?

கோயில்களில் பழைய கல்லையும் சுதையையும் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் தொழில். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்த பிறகுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். "எல்லாத்தையும் புதுசு மாதிரி ஆக்கிடுங்க சார்" என்பார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சிவன் கோயிலில் கருவறையின் பின்சுவர்க் கோட்டத்தில், அதாவது சிலை வைக்கும் மாடத்தில், லிங்கோத்பவர் இருப்பார். அடுத்த முறை நின்று பாருங்கள். பிளந்த தூணுக்குள் சிவன். மேலே முடி தெரியாது, கீழே பாதம் தெரியாது. உச்சியில் சின்னதாக ஓர் அன்னம், அடியில் மண்ணைத் தோண்டும் பன்றி. பிரம்மாவும் திருமாலும் அடிமுடி தேடித் தோற்ற கதையைச் சிற்பி செதுக்காமல் விட்டே சொல்லிவிட்டார். ஒரு கோயிலில் இதைக் குறை என்று நினைத்து, யாரோ சிமெண்டில் இரண்டு பாதம் பூசிவிட்டார்கள். நகம்கூட வைத்திருந்தார்கள்! பன்றி அந்தப் பூச்சுக்குள் போய்விட்டது. சிமெண்டிலிருந்து கசியும் உப்பு கல்லையும் அரிக்கும். சின்ன உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது.

சேண்ட் பிளாஸ்டிங் இதைவிட மோசம். மணலைக் காற்றழுத்தத்தில் அடித்தால் அழுக்கோடு கல்லின் மேல்தோலும் உரியும். முதலில் போவது பூணூல் கோடு, நகை வேலைப்பாடு, எழுத்து. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் கருவறையைச் சுற்றி நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே பெயரும் உண்டு. கண்ணைத் தோண்டும் கண்ணப்பரை யாரும் சொல்லிவிடலாம். பலரை அந்த எழுத்து இல்லாமல் சொல்வது கஷ்டம். அறநிலையத் துறை மணல் அடிப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. உபயதாரர் அவசரப்பட்டாலும் கமிட்டி இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

கல் சிற்பத்துக்கு எனாமல் பெயிண்டும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய சுவரில் வெள்ளையடிக்கவோ சுரண்டவோ போகும்முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருந்தது 1931இல்தான் தெரிய வந்தது.

சாரம் கட்டுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, எல்லாக் கோட்டங்களையும் தூண்களையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நேரே ஃபிளாஷ் அடிக்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுங்கள். தேய்ந்த எழுத்தும் அப்போது நிழல் விழுந்து தெரியும்.