பிட்டில் தண்ணீர், சுவரில் வெட்டுக்கல்: எல்லையோரக் கடைக் கட்டடங்களில் லிப்ட்

தமிழ்நாடு-கேரள எல்லையில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வழியில் கடைக் கட்டடம் எழுப்புபவர்கள் லிப்ட் கம்பெனியைக் கூப்பிடுவது பெரும்பாலும் மூன்றாவது மாடிக்குக் கான்கிரீட் போட்ட பிறகுதான். அதற்குள் படிக்கட்டை ஒட்டி ஐந்தடிச் சதுரத்தில் ஓர் ஓட்டை விடப்பட்டிருக்கும். 8 பேர் ஏறும் லிப்டுக்கு ஷாஃப்டின், அதாவது கேபின் ஏறி இறங்கும் கூண்டின், உள்ளளவு 1900-க்கு 1900 மி.மீ., அதாவது ஆறேகால் அடிச் சதுரம் வேண்டும். ஐந்தடியில் வீட்டுக்கான சின்ன லிப்ட்தான் அடங்கும். பிறகு பீமை உடைக்கலாமா என்ற பேச்சு தொடங்கும். உடைக்கக் கூடாது.

எத்தனை பேர் லிப்ட் என்பதைக் கட்டடத்தின் உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, கூட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு 68 கிலோ என்பது நம் நாட்டுக் கணக்கு. 8 பேருக்கு 544, 13 பேருக்கு 884 கிலோ. ஆனால் ஜவுளிக்கடையில் கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருபவர்கள் 8 பேர் கேபினில் ஆறு பேருக்கு மேல் ஏற மாட்டார்கள். நான்கு மாடிக்கு ஏறி இறங்கி, கதவு திறந்து மூடி, ஒரு சுற்றுக்கு 90 விநாடி என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் 300 × 6 ÷ 90 = 20 பேர். ஓணம், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு இது போதுமா என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

விற்பனைக்கு வருபவர் வேகத்தைப் பற்றியே பேசுவார். 12 மீட்டர் உயரத்தில், மாடிக்கு மாடி நிற்கும் லிப்டுக்கு விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தை 1.5 ஆக்கினால் மிச்சமாவது ஓரிரு விநாடிதான். வேகம் பிடிப்பதற்குள் அடுத்த மாடி வந்துவிடும். அந்தப் பணத்தை நடுவில் பிரிந்து திறக்கும் 900 மி.மீ. கதவுக்குச் செலவிடலாம். நிற்கும் ஒவ்வொரு மாடியிலும் நேரம் குறையும், சக்கர நாற்காலியும் சிரமமின்றி நுழையும்.

இந்தப் பகுதியின் தனிப் பிரச்சினை தண்ணீர். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே கொட்டித் தீர்க்கும். லிப்டுக்குத் தரைமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழக் குழி, அதாவது பிட், வேண்டும். சரியான ஆழம் கம்பெனியின் வரைபடத்தில் இருக்கும். குழித்துறை ஆற்றை ஒட்டிய தாழ்வான மனைகளில் மழைக்கால நிலத்தடி நீர் அதற்கும் மேலே நிற்கலாம். செங்கல் கட்டிப் பூசிய பிட் அதைத் தாங்காது. அடித்தளமும் நான்கு பக்கச் சுவரும் ஆர்.சி.சி.யாக (கம்பி கட்டிய கான்கிரீட்), கான்கிரீட்டை நிறுத்தித் தொடரும் மட்டத்தில் நீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை வைத்து வார்க்க வேண்டும். வாட்டர் ப்ரூஃபிங் சுவரின் வெளிப்பக்கம், மண் நிரப்புவதற்கு முன்பே செய்யப்பட வேண்டும். பின்னால் உள்ளே பூசினால், வெளியிலிருந்து தள்ளும் நீரழுத்தம் அந்தப் பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகக் கழற்றிவிடும்.

பிட்டிலிருந்து தெருச் சாக்கடைக்கு நேராகக் குழாய் போடும் வழக்கமும் உண்டு. சாக்கடை நிரம்பும் நாளில் அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வரும். பிட்டுக்கு வெளியே தண்ணீர் சேரத் தனிச் சம்ப் (தொட்டி) கட்டி, மிதவை சுவிட்ச் வைத்த பம்ப் போடுவதே நல்லது.

மழை இல்லாமலும் பிட்டில் தண்ணீர் நிற்கும்; காரணம் தரை கழுவுவது. காலையில் வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும்போது அது கதவடிப் பள்ளத்தில் இறங்குகிறது. கதவடிப் பட்டையை முடிந்த தரையைவிட 5 முதல் 10 மி.மீ. உயர்த்தி வைத்து, டைல்ஸை மெதுவான சரிவாக இறக்கினால் தீர்ந்தது. டைல்ஸ் போடுபவரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

தண்ணீர் நின்றால், வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னரின் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் கீழ்ச்சக்கரம் துருப்பிடிக்கும். கேபின் வேக வரம்பு மீறி ஓடினால், அதைத் தண்டவாளத்தில் கவ்வி நிறுத்தும் சேஃப்டி கியரைப் பிடிக்க வைப்பது அந்தக் கயிறுதான். கேபின் கீழே மோதினால் தாங்கும் பஃபரும் அரிக்கும், பிட் சுவிட்சில் மின்கசிவு வரும். மழைக்காலத்தில் இரவு லிப்ட் போய் நிற்கும் இடத்தை முதல் மாடி என்று கன்ட்ரோலரில் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். வெள்ளம் புகுந்தாலும் கேபின் தப்பும்.

அடுத்தது சுவர். கேபின் ஓடும் தண்டவாளத்தைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சுவரில் போல்ட் அடித்து நிற்பவை. வெட்டுக்கல்லிலும் (செம்புரைக்கல்) ஹாலோ பிளாக்கிலும் அந்த போல்ட் பிடிக்காது. முதலில் இறுகியதுபோல் இருந்து, அதிர்வில் தளரும். ஷாஃப்ட் முழுவதையும் கான்கிரீட்டில் எழுப்ப முடியாவிட்டால், வரைபடத்தில் பிராக்கெட் வரும் உயரம்தோறும் ஆர்.சி.சி. பட்டை வார்க்க வேண்டும். பிட்டுக்கு அடியில் கடையோ பார்க்கிங்கோ வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போது கேபினைச் சமன்செய்யும் கவுண்டர் வெயிட்டுக்கும் சேஃப்டி கியர் தேவை.

மின்சாரத்துக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், நல்ல எர்த், மின்னல் அடிக்கும் ஊர் என்பதால் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர். ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் லிப்ட் அசையாவிட்டால் முதலில் மூன்று பேஸ் ஒயர்களின் வரிசை மாறியிருக்கிறதா பாருங்கள். மின்தடையில் கேபினை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுபோகும் ஏ.ஆர்.டி.யின் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

உயிர்ப்பலி வாங்குவது பெரும்பாலும் கயிறு அல்ல, கதவு. ஜவுளி மூட்டையை டிராலியில் ஏற்றிப் பயணிகள் லிப்டில் தள்ளும்போது மாடிக் கதவின் அடியில், அதைப் பள்ளத்தில் பிடித்து வைக்கும் ஷூ உடையும். பார்வைக்குக் கதவு மூடியிருக்கும். யாராவது சாய்ந்தால் அடிப்பக்கம் உள்ளே விலகி ஷாஃப்டுக்குள் விழுவார். சரக்குக்குத் தனி லிப்ட் வையுங்கள். கதவு லாக் பழுதானால் ஒயர் போட்டு ஷார்ட் பண்ணி ஓட்டும் மெக்கானிக்கை அன்றே நிறுத்துங்கள். மாடிக் கதவை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவியைப் பயிற்சி இல்லாத வாட்ச்மேனிடம் கொடுக்காதீர்கள். கேபின் வேறு மாடியில் நிற்க, கதவைத் திறந்து காலை வைப்பதற்கு அது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் லிப்ட் சட்டம், கேரளத்தில் 2013-ஆம் ஆண்டின் சட்டம். இரண்டு பக்கமும் மின் ஆய்வுத் துறைதான் பார்க்கிறது என்றாலும் துறைகள் வேறு வேறு. கட்டடம் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்த மாநிலத்து அனுமதியை லிப்டை நிறுவும் முன்பும், உரிமத்தை ஓட்டத் தொடங்கும் முன்பும் வாங்கிக்கொள்ளுங்கள். கேபினுக்குள் ஒட்டும் அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும்.