கவுன்சில் என்றால் குப்பையும் வரியும் மட்டுமா? இங்கிலாந்தில் வீட்டு விவகாரங்களுக்கு எங்கே போவது

லண்டனுக்கு வந்து பதினைந்து வருடம் ஆனவர்களைக் கேட்டாலும் கவுன்சில் (அந்தந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றம்) என்றால் குப்பை அள்ளுகிறவர்கள், வரி வாங்குகிறவர்கள், காரில் தண்டச்சீட்டு ஒட்டுகிறவர்கள், அவ்வளவுதான். வீடு என்ற பேச்சு வந்தால் கவுன்சில் வீட்டுக்குப் பெயர் பதிவது ஒன்றுதான் ஞாபகம் வரும். அந்த வரிசையில் இங்கிலாந்து முழுக்கப் பதின்மூன்று லட்சம் குடும்பங்கள் நிற்கின்றன, அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம். ஆனால் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர், வாடகைக்கு விடுகிறவர், சொந்த வீட்டில் இருப்பவர் என்று மூன்று பேருக்கும் கவுன்சிலில் வேலை இருக்கிறது. இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டம் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் கதை வேறு.

முதலில் வாடகைக்கு இருப்பவர். சுவரில் பூஞ்சை படர்கிறது, பாய்லர் வேலை செய்யவில்லை, வீட்டுக்காரரிடம் சொன்னால் "நீங்கள் சாம்பார் கொதிக்க வைக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார். நம்மில் பலர் இதைக் கேட்டு வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். ராச்டேலில் 2020 டிசம்பரில் பூஞ்சை பிடித்த வீட்டில் இருந்து நோய்ப்பட்டு இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் குடும்பத்துக்கும் இப்படித்தான் அவர்களுடைய வாழ்க்கை முறைமேல் பழி போடப்பட்டது. அவன் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் கவுன்சில் வீடுகளுக்கும், லாப நோக்கமில்லாமல் குறைந்த வாடகைக்கு வீடு விடும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கும் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும்.

தனியார் வீடு என்றால் 2004 வீட்டுச் சட்டம் கைகொடுக்கும். முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது, வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும், தேதியோடு படமும் இருக்கட்டும். பலன் இல்லையென்றால் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கோ சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கோ எழுதலாம். அதிகாரி வந்து ஈரம், குளிர், தீ, மின்சாரம், நெரிசல் என்று 29 வகை ஆபத்துகளை வைத்துப் பார்ப்பார். மிகக் கடுமையானது, அதாவது முதல் வகை ஆபத்து (Category 1 hazard) என்று அவர் முடிவு செய்துவிட்டால் நடவடிக்கை எடுப்பது கவுன்சிலின் கடமை, விருப்பம் இல்லை. 'முதல் வகை ஆபத்து' என்ற சொல்லை மின்னஞ்சலில் எழுதினால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம்.

"விசாவில் அரசு உதவி வாங்கக் கூடாது என்று போட்டிருக்கிறதே, புகார் கொடுத்தால் சிக்கலாகுமா?" மாணவர்களும் வேலை விசாக்காரர்களும் அடிக்கடி கேட்பது இது. கவுன்சில் வீடு, வீடற்றோர் உதவி, வாடகை உதவிப்பணம், வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் வரிக் குறைப்பு, இவை அந்தத் தடைக்குள் வரும். வீட்டைப் பரிசோதிக்கச் சொல்லிப் புகார் கொடுப்பது வராது. தனியாக இருப்பவருக்குக் கவுன்சில் வரியில் கிடைக்கும் 25 சதவீதத் தள்ளுபடியும் வராது, அதைப் பயந்துகொண்டு கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

இன்னொரு பயம், புகார் கொடுத்தால் வெளியே போகச் சொல்லிவிடுவாரோ என்பது. முன்பு அது நியாயமான பயம்தான், காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வழி இருந்தது. 2026 மே 1 முதல் அந்த வழியை மூடியாயிற்று. வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்றால்கூட நான்கு மாத நோட்டீஸ் வேண்டும், அதுவும் முதல் வருடத்துக்குள் முடியாது. வாடகையை வருடத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம்.

ஆனால் ஒன்று. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, சமையலறையும் குளியலறையும் அவரோடு பங்கு என்றால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடையாது. நம் ஆட்கள் அறை எடுத்துத் தங்குவது பெரும்பாலும் இப்படித்தான். "ஊர்க்காரர்தானே" என்று எழுத்தில்லாமல், ரசீதில்லாமல் காசாகக் கொடுப்பது. அங்கே நியாயமான கால அவகாசம் கொடுத்தால் போதும், கோர்ட்டுக்குப் போகாமலே கிளம்பச் சொல்லலாம். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருந்தால் அப்படியில்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் சாமான்களைத் தெருவில் போடுவதும் 1977 சட்டப்படி குற்றம். போலீஸ் வந்து "இது சிவில் விஷயம்" என்று நழுவினால் விடாதீர்கள், வழக்குப் போடும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு.

வீடு போகப் போகிறது என்று தெரிந்தால் எப்போது கவுன்சிலிடம் போவது? 56 நாள் என்ற எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி அடுத்த 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை என்றாலே, உதவி பெறத் தகுதியுள்ள யாராக இருந்தாலும், அதைத் தடுக்கக் கவுன்சில் முயல வேண்டும். தனியாள், பிள்ளைகள் இல்லை என்பதால் கதவைச் சாத்த முடியாது. தற்காலிகத் தங்குமிடம் என்று வரும்போதுதான் பிள்ளைகள், கர்ப்பம், குடும்ப வன்முறை, நோய், முதுமை என்று பார்ப்பார்கள். கிடைக்கும் இடம் உங்கள் பகுதியில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், பிள்ளையின் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் தள்ளிப் போட்டுவிடலாம்.

இதில் பலர் சறுக்கும் இடம், நோட்டீஸ் வந்ததும் மானப் பிரச்சினையாக நினைத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சான் வீட்டு ஹாலில் போய்ப் படுத்துக்கொள்வது. தங்கியிருக்க முடிந்த வீட்டை நீங்களாக விட்டு வந்தால், வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று கவுன்சில் எழுதிவிட இடம் உண்டு. கிளம்பும் முன் அவர்களிடம் பேசுங்கள். சாதகமில்லாத முடிவு வந்தால் எழுத்தில் கேளுங்கள், 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

சரி, வாடகைக்கு விடுகிறவர்கள். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு வாங்கி, முன் அறை ஒருவருக்கு, மாடியில் மூன்று பேருக்கு என்று பிரித்து விட்டால் அது சட்டத்தின் கண்ணில் பலர் பகிரும் வீடு (HMO). ஒரே குடும்பம் அல்லாத ஐந்து பேர் சமையலறை, குளியலறையைப் பகிர்ந்தால் இங்கிலாந்தில் எங்கேயும் லைசென்ஸ் வேண்டும். குடும்பம் என்பதைச் சட்டம் நம் மாதிரியே கொஞ்சம் தாராளமாகப் பார்க்கிறது, சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள்வரை ஒரே குடும்பம்தான். ஊர்க்காரர், கூடப் படித்தவர் என்றால் இல்லை. நீங்களே அங்கே குடியிருந்து இரண்டு பேரை மட்டும் வைத்திருந்தால் பகிரும் வீட்டுக் கணக்கில் வராது. தனி ஆள் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, ஆகவே பொருட்கள் போட்டு வைத்த அந்தச் சின்ன அறையை மறந்துவிடுங்கள்.

இதற்கு மேல் சில கவுன்சில்கள், ஒரே குடும்பத்துக்கு விட்டாலும் லைசென்ஸ் கேட்கும். ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் கவுன்சில் 2013-லேயே தன் பகுதி முழுக்க அப்படி ஆரம்பித்தது. தெருவுக்குத் தெரு மாறலாம் என்பதால் கவுன்சில் இணையத்தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் விட்டால் அபராதம் 40,000 பவுண்ட் வரை போகும், வாடகைக்கு இருந்தவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் இரண்டு வருட வாடகை வரை திருப்பிக் கொடுக்கவும் நேரலாம். வருடாவருடம் காஸ் சான்றிதழ், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மின்சாரப் பரிசோதனை, ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம், டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் போடுவது, இதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு அதிகம் தெரியாத ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு மானியம். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, மாடி ஏற முடியவில்லை, கீழே ஒரு குளியலறை வேண்டும் என்றால் கேட்கலாம். இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை. பெரியவர்களுக்கு வருமானமும் சேமிப்பும் பார்ப்பார்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கென்றால் பார்க்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம், வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். முதலில் கவுன்சிலின் தொழில்முறைச் சிகிச்சையாளர் (occupational therapist, அன்றாட வேலைகளைச் செய்ய என்ன வசதி தேவை என்று பார்ப்பவர்) வந்து என்ன தேவை என்று பார்ப்பார், அந்த வருகைக்குக் காத்திருப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். முழு விண்ணப்பம் போன பின் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அனுமதி வருமுன் தெரிந்த பில்டரை வைத்து வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், பிறகு மானியம் கிடைக்காமல் போகலாம். அப்புறம், தொகை 5,000 பவுண்டைத் தாண்டினால் அதற்கு மேற்பட்டதில் 10,000 வரை வீட்டின் மேல் கடனாகப் பதிய கவுன்சிலுக்கு அனுமதி உண்டு. பத்து வருடத்துக்குள் விற்றால் திருப்பிக் கேட்கலாம், கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகளையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.